கிளிப்பச்சை ஆஸ்டின்

மருதாசலம் ஜவ்வரிசிக் களத்துக்குள் காரை விட்ட அன்றைக்குத்தான் சௌந்திரம் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த வண்டி வீட்டில் இருக்கிறவரை தனக்கு நிம்மதியாக ஒரு வாய்ச் சோறு இறங்காது.

அதற்கு முன்னாலும் சில்லறை விசேஷங்கள் நடந்திருந்தன. ஆடி மாதத்தில் ஒருநாள் ராசிபுரம் சாலையில் ஒரு மைல்கல்லின் முன்னால் வண்டியை நிறுத்தி விடாமல் ஹாரன் அடித்தார். கல் நகரவில்லை. "யோவ், காது கேக்கலையா? குத்த வெக்கறதுக்கு நடுரோடுதான் கெடைச்சுதா?" என்று கத்திக்கொண்டே இறங்கிப் போனவர், கிட்டத்தில் போய்க் கல்லின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த சௌந்திரம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை அவளுக்குத் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

களத்தில் நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. அவர்கள் ஊர் வெண்ணந்தூருக்கு மேற்கே இருந்தது. ஊருக்கு வெளியே மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ மில். மில்லின் முன்னால் சிமெண்டுக் களம் முழுக்க ஜவ்வரிசி காயும். உச்சி வெயிலில் பார்த்தால் நல்ல கண்ணே கூசும். வெள்ளை வெளேரென்று கிடந்ததைப் புதிதாகப் போட்ட சாலை என்று நினைத்து, பின் சீட்டிலிருந்து சௌந்திரம் கத்துவதற்குள் மருதாசலம் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டார். பலகையால் ஜவ்வரிசியைக் கிளறிக்கொண்டிருந்த குப்பாயி பலகையை எறிந்துவிட்டு ஒரு பக்கமாக விழுந்தாள். அவளுடைய சேலைத் தலைப்பை மிதித்துக்கொண்டுதான் டயர் நின்றது.

குப்பாயி நல்லவள். எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "ஏனுஞ் சாமி, கெழங்கோட கெழங்கா என்னையும் அரைச்சுப் போடலாம்னு பாத்தீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். ஆனால் எறிந்த பலகையை எடுக்கிறபோது அது இரண்டு தடவை கைநழுவி விழுந்தது.  வீட்டுக்கு வந்து இலையின் முன்னால் உட்கார்ந்த மருதாசலம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

"மாமா, வண்டியக் குடுத்தரலாமுங்," என்றாள் சௌந்திரம். "கண்ணையும் சேலத்துல ஆஸ்பத்திரில காட்டிப் போடலாமுங்."

அவர் விரலில் ஒட்டிய சோற்றை இலையில் வழித்துவிட்டார். பிறகு, "வண்டியக் குடுத்தர்றேன்," என்றார். "கண்ணுக்கு ஒண்ணுமில்ல. தூசி."

கேட்டதில் பாதி கிடைத்தது என்று அவள் இலையை எடுத்தாள். அவருக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம். ஐம்பத்திரண்டு வயசு ஆம்பளை பயப்படுகிறான் என்று வெளியில் சொல்ல முடியுமா? அதனால் ஒரு வருஷமாகத் தூசி என்று சொல்லிக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்க ஒரு கண்ணில் தூசி இருக்குமா, அதுவும் இரண்டு கண்ணிலும் இருக்குமா என்று கேட்டால், "இந்த ஊர்ல ஏகப்பட்ட புழுதி புள்ள" என்பார்.

அந்த ஆஸ்டினை வாங்கியது அவருடைய அப்பா. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கியது. பாசி படிந்த கிணற்றுத் தண்ணீர்போல ஒரு கரும்பச்சை நிறம். சுற்றுவட்டாரத்தில் முப்பது வருஷமாக எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறியது அந்த வண்டியில்தான். சௌந்திரமே அந்தப் பின் சீட்டில் புதுப்பெண்ணாக வந்து இறங்கியவள். அன்றைக்கு உட்கார்ந்த அந்தப் பின் சீட்டை விட்டு அவள் அப்புறம் நகரவேயில்லை. முன் சீட்டில் மாமனார் இருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு பருத்தி விதை மூட்டை இருந்தது, பம்புசெட் மோட்டார் இருந்தது, ஒருதடவை ஒரு கன்றுக்குட்டிகூட இருந்தது. அவள் இல்லை.

பக்கத்துத் தோட்டத்துக் கருப்பண்ணன் நாமக்கல்லில் லாரி விட்டுக்கொண்டிருந்தவன். அவனுக்குத் தெரியாத ஊரும் இல்லை, ஆளும் இல்லை. எண்பத்திமூன்றாம் வருஷம் கார்த்திகை மாதம் அவன் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். கோயமுத்தூர்க்காரர், பேர் அருணகிரி. பழைய கார்களாகத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்து வைக்கிறவர். அப்படியும் ஒரு பைத்தியம் உலகத்தில் உண்டு என்று சௌந்திரத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் ஆஸ்டினைச் சுற்றிச் சுற்றி வந்தார், அடியில் படுத்துப் பார்த்தார், கதவைத் திறந்து திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டார். விலை பேசுவதற்கு ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"இஞ்சினு மட்டும் கோயமுத்தூர் வரைக்கும் ஓடற மாதிரி பாத்து வெய்யுங்க," என்றார் அருணகிரி. "மத்தபடி எதையும் தொட வேண்டாமுங்க. பெயிண்ட் அடிக்க வேண்டாம், சீட்டு மாத்த வேண்டாம். பழசு பழசாட்டவே இருக்கோணும். தை பொறந்ததும் வாரேன்."

அவர் வண்டி கண்ணுக்கு மறைந்ததும் வீட்டில் சண்டை ஆரம்பித்தது.

"கழுவி உட்டாப் போதுமுங். அவரே சொல்லிட்டாரு," என்றாள் சௌந்திரம்.

"அவரு சொல்லுவாரு. நாம குடுக்கறதுக்கு ஒரு மொறை இல்லையா? சந்தைக்குப் போற மாட்டுக்கே கொம்பு சீவி, வர்ணம் அடிச்சு, சலங்கை கட்டித்தான ஓட்டிட்டுப் போறோம்? போன தடவை செவலைக்கு வர்ணம் அடிச்சது ஆரு?"

அடித்தது அவள்தான். கருப்பும் சிவப்புமாக, நுனிக்கு மஞ்சள் வைத்து, அவளே ஆசையாக அடித்துவிட்டாள். அந்த வட்டாரத்தில் மாட்டை அலங்காரம் பண்ணாமல் விற்றால், வீட்டில் ஏதோ கஷ்டம் போலிருக்கிறது என்று பேசுவார்கள். உள்ளே எழுந்து போனாள். கடைசியில் இஞ்சின் வேலை மட்டும் என்று பேசி முடித்தார்கள்.

இஞ்சின் வேலைக்கு ராசிபுரத்திலிருந்து பச்சமுத்து வந்தான். வேப்பமரத்தடியில் ஆஸ்டின் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பச்சமுத்துவிடம் ஒரு பழக்கம், ஒரு பாகத்தைக் கழற்றினால் பக்கத்துப் பாகத்தையும் பார்த்து நாக்கைச் சப்புக் கொட்டுவான். அவன் சப்புக் கொட்டியதெல்லாம் மருதாசலத்துக்கு உத்தரவு. கார்புரேட்டர் போய் ரேடியேட்டர் வந்தது, ரேடியேட்டர் போய் பிரேக் வந்தது. பிரேக்கை சௌந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. களத்தில் அது கொஞ்சம் முன்னால் பிடித்திருந்தால் குப்பாயி சேலை பிழைத்திருக்கும். ஆனால் உள்கூரைக்குப் புதுத்துணி எதற்கு? கண்ணாடி துடைக்கிற வைப்பருக்குப் புது ரப்பர் எதற்கு? மழையே இல்லாத வருஷத்தில்?

இதிலே பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. வண்டி தேறத் தேற அவருக்கு ஓட்டுகிற ஆசை ஏறியது. முன்னெல்லாம் ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் உறுமும். அதிலேயே பாதி நாள் அலுத்துப்போய் விட்டுவிடுவார். இப்போது சாவியைத் திருப்பினால் போதும், பூனைமாதிரி கிளம்பிவிடுகிறது. "ட்ரையல் பாக்கோணும் புள்ள" என்று தினம் கிளம்ப ஆரம்பித்தார். வண்டியை விற்றுத் தொலைப்பதற்காகச் செய்கிற வேலை, அவரை இன்னும் அதிகமாக ரோட்டில் கொண்டுபோய் விட்டது. 

சாவியைக் கம்புப் பானைக்குள் போட்டு வைத்தாள். தெளிவாகப் பார்க்க முடியாத மனுஷன் அதை மட்டும் எப்படியோ துழாவிக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த நாள் அவர் கிளம்பும்போது அவள் போய் முன் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அங்கென்ன உக்காந்திருக்கற?"

"ட்ரையல் பாக்க வேண்டாமுங்களா? சீட்டும் ட்ரையல் பாக்கோணுமல்ல?"

அவர் சிரித்துவிட்டார். வண்டி கிளம்பியது. ஏரிக்கரை ஏறியதும் அவள் ஆரம்பித்தாள்.

"இடப்பக்கம் குழிங். இன்னும் கொஞ்சம் அக்கட்ட. எதுக்கால சைக்கிளு. ஆடு, ஆடு! ஆ, போயிருச்சுங். இனி நேராப் போலாமுங்."

அவர் அவள் சொன்னபடியெல்லாம் ஓட்டினார். எதிர்த்துப் பேசவில்லை, எனக்குத் தெரியாதா என்று கேட்கவில்லை. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்னதை அவர் உடனுக்குடன் கேட்டது அந்த ஏரிக்கரையில்தான். முன் சீட்டிலிருந்து பார்த்தால் உலகமே வேறாக இருந்தது. பனைமரங்கள் அவளை நோக்கி ஓடி வந்தன. காற்று நேராக முகத்தில் அடித்தது. இத்தனை வருஷம் இவரும் இவர் அப்பாவும் இதை வைத்துக்கொண்டு தன்னைப் பின்னால் மூட்டையோடு உட்கார வைத்திருந்தார்களே என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. திரும்பி வந்து இறங்கும்போது, நாளைக்கும் போகலாமா என்று வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். குப்பாயியின் சேலைமேல் நின்ற டயரை அவள் மறக்கவில்லை. தன் கண்ணை வைத்து எத்தனை நாள் அவர் வண்டி ஓட்டுவது? ஒருநாள் அவள் தும்மினால் போதும்.

தை வரட்டும், வண்டி போகட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டாள்.

மார்கழிக் கடைசியில் மருதாசலம் பச்சமுத்துவை ஓட்டச் சொல்லி நாமக்கல்லுக்குப் போனார். கதவுக் கீலுக்கு வெல்டிங் வைக்க வேண்டும், ரெண்டு நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போனவர் நாலாம் நாள் வந்தார். சத்தம் கேட்டு வெளியே வந்த சௌந்திரம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வாசலில் நின்றது ஆஸ்டின்தான், உருவம் அதேதான். ஆனால் கிளிப்பச்சை நிறம். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, வெயிலில் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சுற்றிலும் மஞ்சள் பட்டை, அதன் மேல் சிவப்புப் பொட்டு. நாலு கதவிலும் நாலு தாமரை. முன்கண்ணாடிக்கு மேலே, லாரிக்கு எழுதுவதுபோலவே, குலதெய்வத்தின் பேரும் கீழே 'துணை'யும். பின்னால் டிக்கியில் ஒரு மயில் தோகையை விரித்துக்கொண்டு நின்றது. அதன் காலடியில் கொட்டை எழுத்தில் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதியிருந்தது. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுகிற பட்டறைக்குப் போய் நல்லா எடுப்பா அடிச்சுக் குடுங்க என்று சொன்னால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? அவர்களுக்குத் தெரிந்த அழகை ஒரு குறையும் வைக்காமல் செய்து கொடுத்திருந்தார்கள்.

கருப்பண்ணன் ஓடி வந்து பார்த்தான். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஏனுங்ணா, பர்மிட்டு தமிழ்நாட்டுக்கு மட்டுமா, ஆல் இந்தியாவுக்கா?" என்று கேட்டான். பச்சமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சௌந்திரத்துக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. "அந்தக் கோயமுத்தூர்க்காரரு படிச்சுப் படிச்சுச் சொல்லீட்டுப் போனாரே மாமா! தொட வேண்டாம்னு சொன்னாரே! இதை இனி அவரு எடுப்பாரா?"

 மருதாசலம் வண்டியிலிருந்து பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தார். இன்னும் பத்தடி தள்ளிப் போய்ப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மாட்டுக்கு வர்ணம் அடிச்சாப்ல ஆச்சு, போ," என்றார்.

அன்றிலிருந்து அருணகிரி வருகிறவரை சௌந்திரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வண்டி இங்கேயே நிற்கும். நின்றால் இவர் ஓட்டுவார். இன்னொரு குப்பாயி எழுந்து சேலையை உதறிக்கொண்டு சிரிப்பாள் என்று என்ன நிச்சயம்? மாட்டுப் பொங்கலன்று வீட்டு மாட்டின் கொம்புக்கு வர்ணம் அடிக்கிறபோது அவளுக்குக் கை ஓடவில்லை.

பொங்கல் முடிந்து அருணகிரி வந்தார். கருப்பண்ணன் அவரைக் கூட்டிக்கொண்டு வரும்போதே முன்கூட்டிச் சொல்லியிருப்பான் போல, பாதி தயாராகத்தான் வந்தார். இருந்தும் வேப்பமரத்தடியைப் பார்த்ததும் அவருடைய கால் நின்றுவிட்டது. மெதுவாகக் கிட்டே போனார். மயிலின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ஏனுங்க, நான் சொல்லீட்டுத்தானுங்களே போனேன்?" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது குரலில். "அந்தப் பழைய பெயிண்டுக்காகத்தானுங்க ஆசைப்பட்டேன். இதை இனி முச்சூடும் சொரண்டோணும். சொரண்டினாலும் அது வராதுங்க. நான் கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேனுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சௌந்திரம் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் மருதாசலம் தொண்டையைக் கனைத்தார்.

"தப்புத்தானுங்க," என்றார். "மாட்டுக்கு அடிக்கறாப்ல அடிச்சேன்னு ஊட்டுல சொன்னேன். அது பொய்யிங்க. அந்தப் பழைய கலர்ல வண்டி நின்னா எனக்குத் தெரியறதில்லைங்க. ஒரு வருசமாச்சு. மரத்து நெழலும் வண்டியும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுதுங்க. கையத் தடவித்தான் கதவைக் கண்டுபுடிப்பேன். முப்பது வருசம் கூட இருந்தது போறப்போ, அது போறதைக்கூடப் பாக்காம நிக்கோணுமான்னு நெனச்சேன். அதுதான் பட்டறைல சொன்னேன், எத்தனை தூரம் போனாலும் தெரியற மாதிரி அடிச்சு உடுங்கன்னு. வேற ஒண்ணுமில்லைங்க."

 சௌந்திரம் கதவுநிலையை விட்டாள். தூசி, தூசி என்று சொல்லிக்கொண்டிருந்த வாய். கண் தெரியவில்லை என்று கட்டினவளிடம் சொல்லாதவர், எங்கிருந்தோ வந்தவரிடம் சொல்லிவிட்டார். கோபம் வரவேண்டிய இடம்தான். வரவில்லை. அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் போலிருந்தது, போய் நின்றாள்.

அருணகிரி இஞ்சின் மூடியைத் திறந்தார். பச்சமுத்து செய்து வைத்திருந்ததைக் குனிந்து பார்த்தார். மூடிவிட்டு, "சாவியக் குடுங்க," என்றார்.

மருதாசலம் ஒரு புதுச் சாவியை நீட்டினார்.

"பழைய சாவி இல்லைங்களா?"

"அது கயிறுங்க," என்றார் மருதாசலம். மாட்டை விற்கிறவன் கயிற்றைக் கொடுக்க மாட்டான், வாங்குகிறவன்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். கோயமுத்தூர்க்காரருக்கும் அது தெரியும். சிரித்துக்கொண்டே புதுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அவர் ஏறி உட்கார்ந்ததும் சௌந்திரம் ஜன்னலோரம் போய்க் குனிந்தாள். "சாமி, ஏரிக்கரைத் திருப்பம் வரைக்கும் மெதுவாப் போங்க. அப்புறம் எத்தனை வெசையா வேணுமுன்னாலும் போய்க்குங்க."

அருணகிரி அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

புருஷனும் பெண்சாதியும் தார் ரோடு வரைக்கும் நடந்து போய் நின்றார்கள். ஆஸ்டின் மாட்டுவண்டி போகிற வேகத்தில் போனது. டிக்கியில் மயில் வெயிலில் தகதகவென்று இருந்தது.

"தெரியுதுங்களா மாமா?"

"தெரியுது."

வண்டி ஏரிக்கரையில் ஏறியது. "இப்பொ?"

"நல்லாத் தெரியுது புள்ள. மயிலு வரைக்கும் தெரியுது."

மயில் தெரிந்திருக்காது. அவளுக்கே அந்தத் தூரத்தில் பச்சையாக ஒரு பொட்டுத்தான் தெரிந்தது. பிறகு திருப்பம் வந்தது, பொட்டும் மறைந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் இன்னும் கையை நெற்றிக்குக் குடைபிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது அவருடைய முகம் திடீரென்று மலர்ந்தது.

"அட, இங்க பாரு! திரும்பி வர்றான் பாரு! மனசு கேக்கலையாட்ட இருக்குது அவனுக்கு. வண்டி வருது பாரு புள்ள!"

சொல்லிக்கொண்டே இரண்டு எட்டு வைத்து ரோட்டுக்கு நடுவில் போய்விட்டார். திருப்பத்திலிருந்து பச்சையாக ஒன்று வேகமாக வந்துகொண்டிருந்தது. அது சேலம் போகிற பஸ்.

சௌந்திரம் பாய்ந்து போய் அவருடைய கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். "அது பஸ்ஸுங் மாமா," என்றாள்.  "வண்டி போயி சித்த நேரமாச்சுங். அது பஸ்ஸுங்."

 மலர்ந்த முகம் அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியதை அவளால் பார்க்க முடியவில்லை. அவர் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ் சத்தம் கிட்டே வந்தது.

"சேலம் பஸ்ஸா?" என்று கேட்டார்.

"ஆமாங்."

"அந்தக் கண்ணாஸ்பத்திரி, பஸ்ஸை விட்டு எறங்குனா ரொம்ப தூரம் நடக்கோணுமா?"

 "பக்கந்தானுங்," என்றாள். எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியாது.

மருதாசலம் கையை நீட்டிப் பஸ்ஸை நிறுத்தினார். ஆஸ்டின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் பஸ்ஸில் ஏறியதில்லை. படி எங்கே இருக்கிறது என்று காலால் தேடினார்.

"ஒசரமான படிங். எடது கால வெய்யுங், வலப்பக்கம் கம்பி இருக்குது, புடிச்சுக்குங்," என்று பின்னாலிருந்து அவள் சொல்ல, அவர் அவள் சொன்னபடியே ஏறினார். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. "கருப்பண்ணா, அடுப்பைச் சித்தெ பாத்துக்க!" என்று வாசலில் நின்றவனைப் பார்த்து ரோட்டிலிருந்தே கத்திவிட்டு அவளும் ஏறிக்கொண்டாள். முன்னால் இரண்டு பேர் உட்காருகிற சீட்டு ஒன்று காலியாக இருந்தது. அவர் நகர்ந்து அவளுக்கு ஜன்னல் பக்கம் இடம் விட்டார்.